நூலகத்துக்கு யார் பொறுப்பு?



2025 மே 6-ந் திகதி உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து சில வாரங்களின் பின் ஒரு தங்கச்சி எங்களைத் தேடி வந்தார். லயத்துப் பிள்ளை. கொழுந்து எடுப்பவர். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் பிரதேச சபை உறுப்பினராக வந்திருக்கிறார். கையில் ஒரு பழைய அப்பியாசக் கொப்பி.

"ஐயா, என்னைய நூலகக் குழுவில போட்டிருக்காங்க. நான் என் வாழ்நாள்ல ஒரு நூலகத்துக்கு உள்ள போனதே ரெண்டு தரந்தான். அங்க போய் நான் என்னாத்தச் செய்யிறது?" என்று கேட்டார்.

அவரோடு இரண்டு மணித்தியாலம் இருந்து பேசினோம். பேசியதில் பாதி அவருக்கு மட்டும் உரியது அல்ல, வாக்குப் போட்ட எல்லாருக்கும் உரியது என்று பட்டதால் இந்த மடலில் எழுதுகிறோம்.

வெளிநாடுகள் சிலவற்றில், முக்கியமாக அமெரிக்காவில் பல ஊர்களில், பொது நூலகத்துக்கென்றே தனியாகத் தேர்தல் வைத்து நம்பிக்கைப் பொறுப்பாளர்களைத் தெரிவு செய்கிறார்கள். அநேகமாகச் சம்பளம் இல்லாத வேலை. நமது நாட்டில் அப்படித் தனித் தேர்தல் கிடையாது. பொது நூலகங்கள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்ற மூன்றின் கையில் இருக்கின்றன. ஆகவே நீங்கள் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்யும்போதே நூலகத்துக்கும் பொறுப்பாளரைத் தெரிவு செய்கிறீர்கள். வாக்குக் கேட்டு வருகிறவர் ரோட்டைச் சொல்வார், லைட்டைச் சொல்வார், தண்ணீரைச் சொல்வார். நூலகத்தைச் சொல்கிறவரை நாங்கள் அதிகம் கண்டதில்லை. நீங்களும் கேட்பதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம்பிக்கைப் பொறுப்பாளர் என்ற சொல்லைக் கேட்டுத் தங்கச்சி மிரண்டு போனார். கோயில் கமிட்டியை நினைத்துப் பாருங்கள் என்றோம். மாரியம்மன் கோயில் யாருடையது? தலைவருடையதா, பூசாரியுடையதா? எல்லாருடையதும். சம்பளத்தில் பிடித்த காசு எவ்வளவு, திருவிழாவுக்குப் போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கமிட்டி கணக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வருசம் சண்டை வரும். பூசையை எப்படிச் செய்வது என்று கமிட்டி பூசாரிக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. நூலகமும் அப்படியே. புத்தகம் அடுக்குவது, இரவல் கொடுப்பது, பட்டியல் எழுதுவது நூலகரின் வேலை. கதவு திறந்திருக்கிறதா, காசு ஒழுங்காகச் செலவாகிறதா, எல்லாப் பிள்ளையும் உள்ளே வர முடிகிறதா என்று பார்ப்பது உறுப்பினரின் வேலை. இதைச் சொன்னதும் தங்கச்சியின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அவர் நாலு வருசம் கோயில் கமிட்டியில் இருந்தவர்.

உடுவிலில் கண்டது

எமது சொந்த ஊர் யாழ்ப்பாணத்தில் உடுவில். படிப்புக்குப் பெயர் போன ஊர்தான். 1824-ல் அமெரிக்க மிசனறிமார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கிய இடம். 1862-ல் சென்னையில் அச்சான பெரிய தமிழ் ஆங்கில அகராதியைத் தொகுத்த வின்சுலோ பாதிரியார் அதற்கு முன் பல வருசம் இருந்து வேலை செய்த இடம். ஆனால் ஊர்ச்சனம் வாசிக்கப் பழகியது மிசனால் மட்டும் அல்ல. வாசிகசாலைகளால் என்றே நாங்கள் சொல்வோம்.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் சந்திக்குச் சந்தி ஒரு சனசமூக நிலையம் இருக்கும். ஓர் அறை, நீட்டு மேசை, இரண்டு வாங்கு, அன்றைய வீரகேசரி, தினகரன். இதற்கு ஒரு நிர்வாக சபை. வருசத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் கூடித் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று கை உயர்த்தித் தெரிவு செய்வார்கள். வாசிக்கத் தெரியாத கிழவர்களும் காலையில் வந்து குந்துவார்கள். யாராவது பொடியன் உரத்து வாசிக்க வேண்டும். பத்திரிகைக் காசு எங்கிருந்து வந்தது, யார் கொடுக்கவில்லை என்று அந்த மேசையைச் சுற்றித்தான் சண்டை நடக்கும். உள்ளூராட்சி என்றால் என்ன என்று எங்கள் ஊரில் பலர் படித்தது அந்த மேசையில்தான்.

வாசிகசாலைக்கு மேலே சபையின் பொது நூலகம். உடுவில் மக்களுக்கான சபை வலிகாமம் தெற்கு பிரதேச சபை. அதன் அலுவலகம் சுன்னாகத்தில். சுன்னாகம் பொது நூலகம் அந்தச் சபையின் பொறுப்பில் உள்ளது. சந்தைக்கு வருகிறவரும் எட்டிப் பார்த்துப் போகலாம். இரவல் பகுதி, உசாத்துணைப் பகுதி, சிறுவர் பகுதி, பத்திரிகைப் பகுதி என்று பிரித்து வைப்பது இப்படிப்பட்ட நூலகங்களின் முறை. உசாத்துணை என்றால் வீட்டுக்குக் கொண்டு போகாமல் அங்கேயே இருந்து பார்க்கிற புத்தகம். அகராதி, சட்டப் புத்தகம், பழைய வர்த்தமானி போன்றவை.

இந்தப் பக்கத்தில் எழுத வேண்டிய இன்னொரு நூலகம் உண்டு. உறுப்பினராக வருகிறவர் அதன் கதையை அறியாமல் இருக்கக் கூடாது.

யாழ்ப்பாணம் பொது நூலகம் முதலில் அரசாங்கம் கட்டியது அல்ல. 1933-ல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்துப் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து காசு திரட்டி, 1934-ல் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையில் 844 புத்தகத்தோடு நூலகத்தைத் திறந்தார்கள். அடுத்த வருசமே, 1935-ல், அதை யாழ்ப்பாண நகர சபையிடம் ஒப்படைத்தார்கள். இந்த ஒப்படைப்பைத்தான் தங்கச்சிக்கு இரண்டு தரம் சொன்னோம். நல்ல மனிதர் ஒருவரின் வீட்டில் இருந்தால் அவர் இருக்கும் வரைதான். சபையிடம் வந்தால் வாடகை, சம்பளம், பத்திரிகைச் சந்தா எல்லாம் வருசா வருசம் வரவு செலவுத் திட்டத்தில் ஏறும்.

பிறகு பெரிய கட்டடம் வேண்டும் என்று வந்தது. மேயர் சாம் சபாபதி, பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் போன்றோர் முன்நின்றார்கள். களியாட்ட விழா வைத்தும் அதிர்ஷ்டச் சீட்டு விற்றும் காசு சேர்த்தார்கள். நூலக விஞ்ஞானத்தில் பெயர் பெற்ற எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை சொன்னார். 1954-ல் அத்திவாரக் கல் வைத்து, 1959 ஒக்டோபரில் மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார். அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் இடையில் ஐந்து வருசத்துக்கு மேல். சபையில் எத்தனை கூட்டம், எத்தனை வாக்குவாதம் நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1981 மே 31 இரவு அதை எரித்தார்கள். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு நாலு நாள் இருந்தது. 97,000 புத்தகங்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. பத்திரிசியார் கல்லூரியிலிருந்து நெருப்பைக் கண்ட தாவீது அடிகளார் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் விட்டார். இதைப் பற்றி எழுதினால் தனி மடல் வேண்டும். இங்கே சொல்ல வந்தது அதன் பிறகு நடந்தது.

1998 ஜனவரியில், நீண்ட காலத்துக்குப் பின், யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. மேயராக வந்தவர் சரோஜினி யோகேஸ்வரன். யாழ்ப்பாணத்தின் முதல் பெண் மேயர். அதே வருசம் மே மாதம் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்குப் பின் வந்த மேயர் பொன். சிவபாலன் செப்டெம்பரில் குண்டு வெடிப்பில் இறந்தார். அந்த வருசந்தான் நூலும் செங்கல்லும் திரட்டி நூலகத்தைத் திருப்பிக் கட்டும் வேலையும் தொடங்கியது. 2003 பெப்ரவரியில் கட்டடம் ஆயத்தம். திறப்பு விழாவுக்குச் சபை நாள் வைத்தது. விடுதலைப் புலிகள் எதிர்த்தார்கள். எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவாக விட்டிருக்க வேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். மேயர் செல்லன் கந்தையன் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர், அதனால்தான் அவர் கையால் திறக்க விடவில்லை என்று பேசியவர்களும் இருந்தார்கள். முடிவில் விழா நின்றது. மேயரும் உறுப்பினர்களும் பதவியை விட்டார்கள். பின்னர் மேளம் தாளம் எதுவும் இல்லாமல் நூலகம் சனத்தின் பாவனைக்கு வந்தது.

தங்கச்சி இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "புத்தகத்துக்கா ஐயா இவ்வளவும்?" என்றார். ஆம், புத்தகத்துக்குத்தான். யார் திறப்பது, யார் உள்ளே வருவது என்பதற்கும்தான்.

தோட்டத்துக்கு ஏன் வரவில்லை?

உடுவிலில் ஒருவர் தன் வட்டார உறுப்பினரை மறித்து, "தம்பி, நூலகத்துக்குப் பத்திரிகை வாறேல்லை, என்ன செய்யிறியள்?" என்று கேட்கலாம். அவருடைய பாட்டனும் கிராமச் சங்க உறுப்பினரை அப்படிக் கேட்டிருப்பார். நம்முடைய பாட்டனுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. 1937-ல் கிராமச் சங்கச் சட்டத்தைத் திருத்தியபோது தோட்டத்தில் குடியிருந்த இந்தியத் தொழிலாளரை வாக்குரிமைக்கு வெளியே விட்டார்கள். 1948 பிரசாவுரிமைச் சட்டம் வந்து மிச்சத்தையும் பிடுங்கியது. 1988, 2003 சட்டங்களுக்குப் பிறகுதான் பிரசாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தது.

வாக்கு வந்த பிறகும் ஒரு கதவு பூட்டியே இருந்தது. 1987-ம் ஆண்டின் 15-ம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33-ம் பிரிவு என்று ஒன்று. அதைக் காட்டி, தோட்டக் குடியிருப்புக்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று சொல்லி வந்தார்கள். லயத்து ஆள் வாக்குப் போடலாம், உறுப்பினராகவும் வரலாம், ஆனால் தன் லயத்து ரோட்டுக்கு ஒரு லோட் கல் போடச் சபையில் வழி இல்லை. நூலகத்தைப் பற்றி யார் வாய் திறப்பார்? முப்பது வருசம் இப்படிப் போனது. 2018-ல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். இப்போது தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி, சபை தோட்ட மக்களுக்கும் வசதி செய்து கொடுக்க இடம் இருக்கிறது. அதே காலத்தில்தான் நுவரெலியா மாவட்டத்தில் இரண்டாக இருந்த பெரிய பிரதேச சபைகளை ஆறாகப் பிரித்தார்கள். நோர்வூட், மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை என்று புதுச் சபைகள் வந்தன. சபைக் கந்தோர் கொஞ்சம் கிட்ட வந்தது.

அதன் பிறகும் வேலை வேகமாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. 2018-ல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025-ல்தான் நடந்தது. இடையில் இரண்டு வருசத்துக்கு மேல் தெரிவான ஆளே இல்லை, உத்தியோகத்தர்மார்தான் நடத்தினார்கள். கேட்பதற்கு ஆள் இல்லாத காலத்தில் நூலகக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டுகிறது என்று யார் பார்ப்பார்கள்?

கட்டடம் இருந்தும்

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், உதவி அமைப்பு ஒன்றின் காசில் வாசிகசாலை கட்டினோம். நல்ல கட்டடம். கண்ணாடி அலுமாரி இரண்டு. திறப்பு விழாவுக்கு மாலை, மேளம், வடை, தேத்தண்ணி. புத்தகப் பட்டியலை நாங்களே கந்தோரில் இருந்து எழுதினோம். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவி யாரிடம் இருப்பது, லைட் பில் யார் கட்டுவது, பத்திரிகைக்கு மாதா மாதம் காசு எங்கிருந்து வருவது என்று எந்தக் கொப்பியிலும் எழுதவில்லை. ஆறு மாதம் ஓடியது. பிறகு சாவி வைத்திருந்த பையன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். மலைநாட்டுக் குளிரில் பூட்டிய அலுமாரி என்னவாகும்? புத்தகம் எல்லாம் பூஞ்சணம் பிடித்து ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போனது. (எங்கள் ஊரில் கறையான் தின்னும். இங்கே ஈரம் தின்கிறது.) கடைசியாக நாங்கள் போனபோது உள்ளே உர மூட்டை அடுக்கியிருந்தது. சாதாரண தரம் எழுதப் போகிற ஒரு பிள்ளை அந்தக் கட்டடத்தின் வெளித் திண்ணையில் இருந்து படித்துக் கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு காம்பராவில் ஏழு பேர், டீவீ சத்தம் என்றாள். அந்தத் திண்ணை மட்டும் பயன்பட்டது.

அமெரிக்காவில் இரும்பு உருக்கிப் பணக்காரரான அண்ட்ரூ கார்னகி என்பவர் உலகம் எங்கும் 2,500-க்கு மேற்பட்ட நூலகங்களுக்குக் காசு கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. காணியை ஊர் தர வேண்டும், அவர் கொடுத்த தொகையில் நூற்றுக்குப் பத்தை ஒவ்வொரு வருசமும் நூலகத்தை நடத்த ஊராட்சி ஒதுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிய பிறகுதான் காசோலை போனது. சில ஊர்கள் அந்தக் கண்டிசனைப் பார்த்து வேண்டாம் என்றும் சொல்லியிருக்கின்றன. அந்த நூற்றுக்குப் பத்தைக் கேட்க எங்களுக்கு அன்றைக்குப் புத்தி வரவில்லை. தமிழ்நாட்டில் 1948-ம் ஆண்டுச் சட்டத்தால் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி என்று ஒன்று வாங்குகிறார்கள். அதற்கும் பின்னால் இருந்தவர் முன்னே சொன்ன அதே இரங்கநாதன்தான். நமது நாட்டில் அப்படித் தனி வரி இல்லாததால், சபையின் வருடாந்த வரவு செலவுத் திட்டத்தில் என்ன எழுதுகிறார்களோ அதுதான் நூலகத்தின் சோறு.

ஆகவே தங்கச்சிக்கு நாங்கள் சொன்ன முதல் வேலை, வரவு செலவுத் திட்டத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குவது. உறுப்பினருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு. அதில் நூலகம் என்ற இடத்தில் சம்பளம் எவ்வளவு, புத்தகம் எவ்வளவு, பத்திரிகை எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். புத்தகத்துக்கு ஒதுக்கிய காசு வருசக் கடைசி வரை செலவாகாமல் இருந்தால், டிசம்பரில் அவசரம் அவசரமாகக் கிடைத்ததை வாங்கி அலுமாரியை நிரப்பும் பழக்கம் உண்டு. ஜூலையிலேயே கேட்டால் அது நடக்காது.

புத்தகத் தெரிவில் உறுப்பினர் மூக்கை நுழைக்கலாமா? "எங்க தலைவரோட புத்தகம் நூறு வாங்கிப் போடச் சொல்லி எனக்கு இப்பவே ஆள் வருது ஐயா" என்றார். வாங்க வேண்டாம் என்றோம். ஒன்று போதும். எதிர்க்கட்சிக்காரர் புத்தகமும் ஒன்று இருக்கட்டும். வாசகர்கள் என்ன கேட்கிறார்கள் என்று எழுத ஒரு கொப்பியை வாசலில் வைக்கச் சொல்லலாம். சாதாரண தரம், உயர்தரம் கடந்த கால வினாத்தாள்கள், சிங்களம் படிக்கும் கைநூல், தாதிமார் பயிற்சிக்கும் ஆசிரியர் போட்டிப் பரீட்சைக்கும் உரிய வழிகாட்டி இவைதான் லயத்துப் பிள்ளைகள் தேடுவது. அம்மாமாருக்குப் படம் போட்ட பெரிய எழுத்துப் புத்தகம். கதைப் புத்தகத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம், வாசிக்கும் பழக்கம் அதில்தான் வரும்.

சபையோடு கொந்தராத்து வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்கச் சட்டம் இடம் தராது. சொந்தக்காரர் புத்தகக் கடைக்கு ஓடர் போகிறது என்றால் கூட்டத்தில் வாய் திறந்து சொல்லிவிட்டு அந்த விடயத்திலிருந்து விலகி இருப்பது நல்லது. அறிக்கையில் பதியச் சொல்லுங்கள். பதியாத பேச்சு பேசாத பேச்சு என்று எங்கள் பழைய தலைமைக் கிளாக்கர் ஒருவர் சொல்வார்.

நேரந்தான் பெரிய பிரச்சினை. பிரட்டுக்குக் காலையில் போய் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவருக்கு, நாலரைக்குப் பூட்டுகிற நூலகம் எதற்கு? ஞாயிற்றுக்கிழமையும் பூட்டு. பிள்ளைகளோ பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரவே மூன்று மணி ஆகிறது. நகரத்துக்குப் போய் வர பஸ் காசு வேறு. நூலகரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ஓர் ஆளை வைத்துக் கொண்டு இரண்டு ஆள் வேலை வாங்க முடியாது. கூடுதல் நேரத்துக்கு ஆளும் சம்பளமும் வேண்டும், அதைச் சபையில் தீர்மானமாகக் கொண்டு வர உறுப்பினரால்தான் முடியும். அதோடு அங்கத்துவப் படிவத்தில் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னோம். பிணை நிற்க வீட்டு வரி கட்டுகிறவர் வேண்டும் என்று கேட்டால் லயத்து ஆள் எங்கே போவார்? லயத்துக்கு வரிப் பற்றுச்சீட்டு கிடையாது. கிராம உத்தியோகத்தரோ பள்ளிக்கூட அதிபரோ உறுதிப்படுத்தினால் போதும் என்று மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். இப்படி ஒரு வரியை மாற்றிவிட்டால் புதுக் கட்டடம் கட்டுவதை விடக் கூடப் பிள்ளைகள் வருவார்கள் என்பது எங்கள் எண்ணம்.

போகும்போது தங்கச்சி, "அந்த உர மூட்டை வச்ச கட்டடத்த என்ன செய்யலாம் ஐயா?" என்று கேட்டார். அது அவருடைய வட்டாரத்துக்குள்தான் இருக்கிறதாம், எங்களுக்குத் தெரியாது. பெரிய துரைக்கு ஒரு கடிதம், சபைத் தவிசாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். கட்டடம் தோட்டத்தினுடையதாகவே இருக்கட்டும், பத்திரிகையும் பொறுப்பான ஓர் ஆளும் சபை தரட்டும், சாவி லயத்தில் தெரிவு செய்த ஐந்து பேர் கமிட்டியிடம் இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறோம். துரை உர மூட்டையை ஸ்டோருக்கு மாற்றச் சம்மதித்துவிட்டார். சபையிலிருந்து இன்னும் பதில் இல்லை. வரவு செலவுத் திட்டப் பிரதி வந்திருக்கிறது. நூலகத்துக்கு அதில் ஒரே ஒரு வரிதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அதே திண்ணையில் இருந்து எல்லாருமாக அதைப் பார்க்கப் போகிறோம். அந்தப் பிரிவில் இருப்பவர்கள் வரலாம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், வாசிக்க ஆள் வேண்டும்.